ஈசி சேரில் தூங்கும் அப்பா: இதயச் செயலிழப்பில் வீட்டார் செய்ய வேண்டியது

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இந்த வருடம் எக்கோ எடுத்தபோது பம்பிங் 30 சதவீதம்தான், ஹார்ட் ஃபெயிலியர் என்றார்கள். நான்கு மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். முதல் தடவை டிஸ்சார்ஜ் ஆனபோது எடை 61.8 கிலோ. ஆறு வாரம் கழித்துத் திரும்பச் சேர்த்தபோது 66. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ‘வயிறு உப்பலா இருக்கு, கேஸ்’ என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நுரைக்கிற பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். ராத்திரி ஹாலில் ஈசி சேரிலேயே தூங்கினார். மூச்சு வாங்குதா என்று கேட்டால் இல்லை என்பார். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேர். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மாத்திரைகளை அம்மாதான் நிறம் பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். உப்பு, தண்ணீர், எடை என்று எல்லாவற்றுக்கும் சண்டை. ‘என்னைச் சின்னப் பிள்ளையா நடத்துறீங்க’ என்று கத்துகிறார். தம்பி பெங்களூரிலிருந்து போன் போட்டு அம்மாவைத் திட்டுகிறான். நான் பள்ளி ஆசிரியை, அடுத்த தெருவில் இருக்கிறேன். நாங்கள் எதை எப்படிச் செய்ய வேண்டும்? அடுத்த மாதம் கும்பகோணத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். அப்பாவை அழைத்துப் போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி உப்புச் சண்டை பற்றியது அல்ல. ‘ஹாலில் ஈசி சேரிலேயே தூங்கினார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். படுத்தால் மூச்சு முட்டுகிறவர் தன்னை அறியாமலே சாய்ந்து உட்கார்ந்து தூங்க ஆரம்பிப்பார். தலையணை ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கடைசியில் கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்துவிடுவார். வயிற்று உப்பலும் கேஸ் அல்ல. இதயம் தள்ள முடியாமல் பின்னால் தேங்கும் ரத்தம் ஈரலையும் குடலையும் வீங்க வைக்கிறது. அதனால்தான் இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருந்திருக்கிறது. அதற்கு அவர் குடித்த நுரைக்கிற பொடி சோடியம் நிறைந்தது. தேங்கிய நீருக்கு மேல் இன்னும் நீரைச் சேர்த்திருக்கும்.

61.8-லிருந்து 66 வரை 4.2 கிலோ. இவ்வளவு நீர் ஒரே ராத்திரியில் சேராது. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டிருக்கும். அத்தனை நாளும் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கவனக்குறைவாக இருந்ததாக நான் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஹார்ட் ஃபெயிலியர் என்ற பெயரே வீட்டாரைப் பாதி பயமுறுத்திவிடுகிறது. இதயம் நின்றுபோவது என்று அர்த்தம் இல்லை. நல்ல இதயம் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். அப்பாவுக்கு 30 பங்கு. இதைச் சிறுநீரகம் ‘உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் அப்படி வருவதுதான்.

பார்பரா ரீகல் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர், நாள்பட்ட நோயில் ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதை மூன்றாகப் பிரிப்பார். மருந்து, சாப்பாடு போன்ற அன்றாட ஒழுங்கு ஒன்று. உடம்பைக் கவனிப்பது இரண்டு. மாற்றம் தெரிந்ததும் முடிவெடுத்துச் செயல்படுவது மூன்று. உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் முதலாவதில் நடக்கிறது. ஆனால் இரண்டாவது அட்மிஷனுக்குப் பெரிய காரணம் மற்ற இரண்டும் காலியாகக் கிடந்ததுதான். அந்த இரண்டையும் நிரப்பினால் முதலாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் இடம் கிடைக்கும்.

கவனிப்பதில் ஆரம்பிக்கிறேன். ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்குங்கள். பாய், மிதியடி மேல் வைக்கக் கூடாது. மொசைக் அல்லது டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நிற்க வேண்டும். எங்கே தவறும் தெரியுமா? காபியில்தான். நம் வீடுகளில் கண் விழித்ததும் டம்ளர் கைக்கு வந்துவிடும். ஒரு நாள் காபிக்கு முன், மறுநாள் டிபனுக்குப் பின் என்று பார்த்தால் அரைக் கிலோ, முக்கால் கிலோ ஏற்ற இறக்கம் வரும். அப்புறம் அந்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். எடை மெஷினைக் காபி டம்ளர் வைக்கும் இடத்துக்குப் போகிற வழியில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுதுவது அப்பாவின் கையாக இருக்கட்டும். அம்மாவோ நீங்களோ எழுத வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, எடை, எத்தனை தலையணை, கால் வீக்கம் உண்டா இல்லையா. உதாரணத்துக்கு ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் 61.9, செவ்வாய் 62.2, புதன் 61.8, வியாழன் 62.5, வெள்ளி 63.2, சனி 63.9. முதல் மூன்று நாளில் ஒன்றும் இல்லை, தினசரி ஆட்டம்தான். வியாழனும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெள்ளியன்று, இரண்டு நாளில் 1.4 கிலோ. இங்கே ‘நேத்து என்ன சாப்பிட்டோம், மாத்திரை விட்டுப்போச்சா’ என்று பார்க்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து 5 முதல் 10 விநாடி அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை, புதனிலிருந்து மூன்று நாளில் 2.1 கிலோ ஆகிவிட்டது. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சனிக்கிழமை என்பதால் திங்கள் வரை பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு நாளில் மாத்திரையில் முடிய வேண்டியது ஊசிக்கும் அட்மிஷனுக்கும் போய்விடும்.

அந்த 61.8-ஐ அடிப்படை எடை என்று நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீக்கம் முழுக்க வற்றிய நிலையில் இருக்க வேண்டிய எடை எவ்வளவு என்று அடுத்த தடவை டாக்டரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பக் கேட்க வேண்டும். சாப்பாடு குறைந்து சதை வற்றிக்கொண்டே நீர் சேர்ந்தால், எடை ஒரே எண்ணில் நின்று ஏமாற்றும்.

இனி ‘மூச்சு வாங்குதா?’ என்ற கேள்வி. அப்பா பொய் சொல்லவில்லை. இந்த நோய் மெல்ல ஏறும், ஆளும் அதற்கேற்ப வேலையைக் குறைத்துக்கொண்டே வருவார். மாடிக்குப் போவதை விட்டிருப்பார், கோயிலுக்கு நடப்பதை விட்டிருப்பார். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவே வாங்காது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். ‘நேத்து எதுவரைக்கும் நடந்தீங்கப்பா?’, ‘குளிச்சிட்டு வந்ததும் உட்காரணும்போல இருந்துச்சா?’, ‘ராத்திரி நடுவுல எழுந்து உட்கார்ந்தீங்களா?’ என்று கேளுங்கள். குனிந்து செருப்பு வார் மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள், அதுவும் நீர் சேர்வதன் அடையாளம். ஒரே அறையில் படுக்கும் அம்மாவுக்குத்தான் படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அப்பா இருமிக்கொண்டு எழுந்து உட்காருவது தெரியும். அம்மாவின் முக்கிய வேலை சமையலறையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ராத்திரிக் கவனிப்புதான்.

இன்னொன்று. இந்த நோயில் மறதியும் கவனக்குறைவும் சகஜம். சொன்னதையே திரும்பக் கேட்பது, மாத்திரை போட்டோமா என்று குழம்புவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எல்லாவற்றையும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேச்சில்லை, பேப்பர்கூடப் படிப்பதில்லை என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, முடிவெடுப்பது. இதில் ஒரே ஒரு ஏற்பாடுதான்: எந்த எண்ணைக் கண்டால் யார் யாரைக் கூப்பிடுவது என்று நல்லாயிருக்கும்போதே பேசி வைத்துவிடுவது. ‘மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் அப்பாவே நோட்டைப் பார்த்து டாக்டருக்குப் போன் பண்ணுவார். பத்து மணிக்குள் பண்ணவில்லை என்றால் நான் பண்ணுவேன்’ என்று அவரையும் வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். அப்போது நீங்கள் போன் செய்வது அவரை மீறியதாக ஆகாது. நீர் மாத்திரையை அன்றைக்குக் கூடுதலாக ஒன்று போடலாமா என்பதை டாக்டர் முன்கூட்டியே சீட்டில் எழுதித் தந்திருந்தால் மட்டுமே போடலாம். சில டாக்டர்கள் எழுதித் தருவார்கள். கேட்டுப் பாருங்கள்.

அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை: மேலே சொன்ன எடை ஏற்றம், புதிதாகக் கால் வீக்கம், கூடுதல் தலையணை, ராத்திரி இருமல், காரணமில்லாத வயிற்று உப்பல், எழுந்து நின்றால் தலைசுற்றல். போன் பேசி நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிட வேண்டியவை வேறு: சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி, நெஞ்சுவலி, மயக்கம், குளிர்ந்த வியர்வையோடு குழப்பமான பேச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். படுக்க வைக்காதீர்கள், ‘கொஞ்சம் தண்ணி குடிங்க’ என்று கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது மாத்திரை. நீங்கள் அனுப்பிய சீட்டில் சாகுபிட்ரில்-வால்சார்டன், மெட்டோப்ரோலால், ஆல்டாக்டோன், டபாக்ளிஃப்ளோசின், டார்செமைடு (இதுதான் நீர் மாத்திரை), அதோடு மாரடைப்புக்கான வழக்கமான மாத்திரைகள் இருக்கின்றன. நல்ல சீட்டு. எனக்குக் கவலை வீட்டு டப்பாவைப் பற்றித்தான். மாரடைப்புக்குப் பின் கொடுத்த ராமிப்ரில் அட்டை இன்னும் அதில் கிடக்கிறதா? சாகுபிட்ரில் மாத்திரையோடு ராமிப்ரில், எனலாப்ரில் வகையைச் சேர்த்துப் போடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 36 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது விதி. சேர்ந்தால் முகமும் நாக்கும் வீங்கி மூச்சுக்குழாய் அடைபடலாம். அடுத்தது, ஆல்டாக்டோன் என்பது ஸ்பைரோனோலாக்டோன். லாசிலாக்டோன், டைட்டர் பிளஸ் போன்ற கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் அதே ஸ்பைரோனோலாக்டோன் உண்டு. பழைய சீட்டின் கூட்டு மாத்திரையும் புதிய சீட்டின் ஆல்டாக்டோனும் ஒன்றாக ஓடினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நிறம் பார்த்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். மருந்துக் கடையில் கம்பெனி மாறினால் நிறமும் அளவும் மாறும், மருந்து மாறாது. சில சமயம் நிறம் ஒன்றாகவே இருக்கும், மருந்து வேறாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் பாயில் கொட்டி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சீட்டில் இல்லாததை ஒரு கவரில் போட்டு, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டும்வரை அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாட்டியின் மாத்திரைகளுக்குத் தனி டப்பா. ஏழு நாளுக்கும் வேளை வாரியாகக் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதை வாரம் ஒருமுறை அப்பா நிரப்பட்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். காலிக் கட்டம் இருந்தால் போட்டாச்சு, இல்லையென்றால் இல்லை. ‘மாத்திரை போட்டீங்களா’ என்று தினம் மூன்று தடவை கேட்க வேண்டிய அவசியம் அதோடு போய்விடும்.

டார்செமைடு காலையில் போட வேண்டியது. இரண்டாவது வேளை இருந்தால் பிற்பகல் நான்கு மணிக்குள். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும், இருட்டில் பாத்ரூமுக்கு நடந்து வழுக்கி விழுவார்கள். டபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பதாகவே வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் மட்டும் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், பூஞ்சைத் தொற்றாக இருக்கும், சுலபமாகத் தீரும். வாந்தி, பேதி, சாப்பிடவே முடியாத காய்ச்சல் வந்த நாளில் நீர் மாத்திரை, ஆல்டாக்டோன், டபாக்ளிஃப்ளோசின், சாகுபிட்ரில் நான்கில் எதை நிறுத்தி வைப்பது என்று அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும். வழக்கம்போல் எல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் அடிவாங்கும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் இன்னொரு தவறு நடக்கும். மேல் எண் 100-க்குக் கீழே இருப்பதைப் பார்த்ததும் ‘பிரஷர் லோவா இருக்கு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இந்த நோயாளிகளில் பலர் 95, 100-இல் நன்றாகவே நடமாடுவார்கள். தலைசுற்றல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிடுவது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தேறியவர்கள் வீட்டில் ‘பம்பிங் 45-க்கு வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு’ என்பது இன்னொரு பேச்சு. லண்டனில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயத் தசை பலவீனமாகிப் பிறகு தேறியவர்கள் 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அப்பாவுக்கு வந்தது மாரடைப்பினால், ஆய்வில் இருந்தவர்களுக்கு வேறு வகை. ஆனாலும் தேறியதே மாத்திரையால்தான் என்பது இருவருக்கும் பொருந்தும்.

முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கடையில் வாங்கிப் போடக் கூடாது. அவை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். சளிக்கு அதிமதுரம் தினமும் போட்டுக் கஷாயம் வைப்பவர்களும் உண்டு. அதுவும் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குலைக்கும். அப்பாவுக்கு வேண்டாம்.

உப்புக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன், மொத்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. சமைக்கும்போது இதை அளந்துகொண்டிருக்க முடியாது. பாக்கெட்டை அளக்கலாம். மூன்று பேருக்கு நாளைக்கு 15 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 66 நாள், இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதுங்கள். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 11 கிராம் போகிறது என்று கணக்கு. அப்பாவுக்கு மட்டும் தனி அடுப்பு, தனிக் குழம்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அம்மாவுக்கு இரட்டை வேலை, அப்பாவுக்கு இலையிலேயே அவமானம். மொத்த வீட்டுக்கும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு தாராளமாகப் போடலாம். தாளிப்பில் மணம் கூடினால் உப்பு குறைவது தெரியாது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நான்கும் மேசைக்கு வராமல் இருந்தாலே பெரும்பகுதி வென்ற மாதிரி.

அதே சமயம் உப்பே இல்லாமல் வடிக்கவும் வேண்டாம். 806 நோயாளிகளை வைத்துச் செய்து 2022-இல் வெளியான ஆய்வில், சோடியத்தை நாளைக்கு 1.5 கிராமுக்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு இறப்போ ஆஸ்பத்திரி சேர்க்கையோ குறைந்ததாகத் தெரியவில்லை. சப்பென்ற சாப்பாட்டைத் தள்ளி வைத்து ஆள் இளைப்பது அதைவிடக் கேடு. இந்துப்பு நல்லது என்று உறவினர்கள் சொல்வார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் அதிகம். ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பு இன்னும் மோசம். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். ஆல்டாக்டோனும் சாகுபிட்ரிலும் சாப்பிடுகிறவருக்கு அது ஆகாது. இளநீரும் இதே காரணத்துக்காக டாக்டரைக் கேட்டுத்தான். பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) பரிசோதனையை எப்போது எடுப்பது என்று நோட்டில் தேதி போட்டு வையுங்கள். மருந்தின் அளவு கூடினால் ஒன்றிரண்டு வாரத்தில் எடுப்பது வழக்கம்.

தண்ணீர் விஷயத்தில் முன்புபோல் எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு இப்போது இல்லை. டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், காலையில் ஒரு பாட்டிலில் அவ்வளவு நிரப்புங்கள். காபி, ரசம், மோர், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். மிச்சம் உள்ளதுதான் குடிக்கலாம். கண்ணுக்கு எதிரே அளவு இருப்பதால் யாரும் யாரையும் அதட்ட வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் எடை திடீரென்று 2 கிலோ குறைந்து தலையும் சுற்றினால் அதுவும் கூப்பிட வேண்டிய விஷயமே, நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் திருவனந்தபுரத்தில் எடுத்த பதிவேட்டில் இந்த நோயாளிகளின் சராசரி வயது 61. மேலை நாடுகளில் இதைவிடச் சுமார் பத்து வயது கூட. நம் பக்கத்தில் நேற்றுவரை வீட்டை நடத்தியவர்தான் இன்று நோயாளி. அவரிடமிருந்து சாவியை வாங்குவதுபோல் நோயை வாங்கிக்கொண்டால் கத்தத்தான் செய்வார். ‘எடை பார்த்தீங்களா இல்லையா?’ என்பது விசாரணை. ‘இன்னைக்கு எவ்வளவுப்பா காட்டுது?’ என்பது பேச்சு. டாக்டர் அறைக்குள்ளும் அவர்தான் முதலில் பேச வேண்டும், விட்டதை நீங்கள் சேர்க்கலாம். வெளியே வந்ததும் ‘டாக்டர் என்னப்பா சொன்னார்?’ என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். புரியாதது எது என்று அதில் தெரிந்துவிடும். உடனே உள்ளே போய்க் கேட்டுவிடலாம்.

தம்பிக்கும் வேலை கொடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ காலில் அப்பா நோட்டைக் காட்டட்டும். எந்த மாத்திரை பத்து நாளைக்குள் தீர்கிறது என்று பார்த்து வாங்கி அனுப்புவது தம்பி பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வந்திருந்து அம்மாவை எங்காவது அனுப்பி வைப்பதும் அவர் பொறுப்பு. ‘உப்பு போடாதீங்க’ என்று பெங்களூரிலிருந்து சொல்வது பங்களிப்பில் சேராது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. அவருடைய கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை) எப்போது எடுத்தது என்று பாருங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது நீங்கள் அங்கே படுத்து, அம்மாவை உங்கள் வீட்டில் தூங்க வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார் என்றால் அப்பாவின் மருந்துப் பட்டியலை அவரிடமும் காட்டுங்கள். அப்பாவுக்கும் சர்க்கரை இருந்து பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும், அது நீரைத் தேக்கும்.

கல்யாணம். கடந்த இரண்டு வாரம் எடை நிலையாக இருந்து, தட்டையாகப் படுத்துத் தூங்குகிறார், குளித்து உடுத்திக்கொள்ள மூச்சு வாங்கவில்லை என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாராளமாக அழைத்துப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பஸ்ஸில் பாத்ரூம் பிரச்சினை என்று பலர் அன்றைக்கு நீர் மாத்திரையையே விட்டுவிடுவார்கள், இரண்டு நாள் கழித்து வீங்கி நிற்பார்கள். விட வேண்டாம். மண்டபம் போய்ச் சேர்ந்ததும், அல்லது முகூர்த்தம் முடிந்து மத்தியானம் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் ஊறுகாய், அப்பளம், வற்றல் மூன்றையும் இலையில் போட வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து கண்ணால் மிரட்டாதீர்கள். மாத்திரைப் பெட்டியும் மருந்துப் பட்டியலும் அம்மா கைப்பையில் இருக்கட்டும். மண்டபத்தில் மாடியறை கொடுத்தால் கீழே மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுநாள் காலை, காபிக்கு முன், வழக்கம்போல எடை.